ரேடியேட்டரில் என்ன நிறம்

ஐன் அல்லௌஸ்
20 ஜூலை 1997

அன்பு மருமகன் அவ்வாதுக்கு உன் அத்தை ஸப்ஹாவோட ஸலாம். அல்லாஹ் கிருபையில நானும் உங்க மாமாவும் சுகமா இருக்கோம். என் முட்டி ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து கத்துறத நிறுத்திடுச்சு, இப்ப முனகுறதோட சரி. அபுதாபி வெயில்ல நீ எப்படி இருக்க? மோர் குடிக்கிறியா? உன் ரூம்ல ஏசித் தண்ணி தலகாணியில சொட்டுதுன்னியே, சரி பண்ணாங்களா, இல்ல நீயே எழுந்து சரி பண்ணிக்கிட்டியா? ஊரான் வீட்டு ஜெனரேட்டர் எல்லாம் ரிப்பேர் பண்றவனுக்குத் தன் ரூம் ஏசி மட்டும் கண்ணுல படாது, எனக்குத் தெரியும்.

லீவு முடிஞ்சு நீ சாவிய என் கையில குடுத்துட்டுப் போன நாள்லேர்ந்து நீ வாங்குன பழைய பிக்கப் வண்டி பாதாம் மரத்தடியிலதான் நிக்குது. உங்க மாமா விடிகாலையில ஃபஜ்ரு தொழுதுட்டு நேரா அதுகிட்ட போறாரு. சுத்திச் சுத்தி வர்றாரு. டயருக்கு ஒரு உதை, கதவுக்கு ஒரு தட்டு. பட்டாளத்துலேர்ந்து வந்தப்புறம் அவரு மூஞ்சில இப்படி ஒரு வெளிச்சத்த நான் பாத்ததில்ல. ஆனா வாய் மட்டும் திறக்கல. "வண்டி எப்படிங்க இருக்கு?"ன்னு கேட்டா "இருக்கு"ங்கறாரு.

கடைக்கார நிம்ரு வந்து பாத்தான். "ஹாஜியம்மா, நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்குன்னா பூமியப் பத்து தடவ சுத்துன கணக்கு"ன்னான். "பத்து சுத்துல ஒரு தடவயாச்சும் மக்கா வழியாப் போயிருக்கும், இனி அதையும் ஹாஜியார்னு கூப்பிடு"ன்னேன். சிரிச்சிட்டுப் போனவன் ஊரெல்லாம் சொல்லிட்டான். இப்ப சின்னப் பசங்க எல்லாம் வண்டிக்கு ஸலாம் சொல்லிட்டுப் போறாங்க.

விஷயத்துக்கு வர்றேன். ஆடு மாடுன்னா எனக்குத் தெரியும். இதுக்கு என்ன தீனி, எப்ப குடுக்கணும், எதக் குடுக்கக் கூடாதுன்னு விவரமா எழுது. போன்ல வேணாம். நான் நிம்ரு கடையில போன எடுத்தா ஊரே சக்கரை வாங்க வந்து நிக்குது.

நீ எப்ப வருவேன்னு நான் கேக்கல. அவன் போற பாதையில குறுக்க நிக்காதன்னு உங்கப்பா, என் அண்ணன், கடைசியா சொல்லிட்டுப் போனது உனக்கும் தெரியும். நான் வண்டியப் பத்தித்தான் கேக்குறேன்.

உனக்காக அஞ்சு வேளையும் கையேந்துற
அத்தை ஸப்ஹா


அபுதாபி
9 ஆகஸ்ட் 1997

மரியாதைக்குரிய அத்தைக்கு, ஸலாம். உங்கள் முட்டி முனகுவதையும் நிறுத்த அல்லாஹ்விடம் கேட்கிறேன். நான் நலம். ஏசியை நானேதான் சரி செய்தேன். மோர் இங்கே டப்பாவில் வருகிறது, உங்கள் மோர் குடித்த வாய்க்கு அது சுண்ணாம்புத் தண்ணீர்.

தீனி கேட்டிருந்தீர்கள். இதற்கு முன்னால் வைத்திருந்தவர்கள் அதை ஓட்டினார்களே தவிர கவனிக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரு தடவை மாற்றிவிட்டுப் புதுக்கணக்கு தொடங்க வேண்டும். தஃபீலா டவுனில் மெக்கானிக் கத்தாஸின் கடைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள், வேறு யாரிடமும் வேண்டாம். என்ஜின் ஆயிலைச் சூடாக இருக்கும்போது இறக்க வேண்டும். கூடவே ஆயில் ஃபில்டரும் மாற வேண்டும். புது ஆயிலைப் பழைய ஃபில்டர் வழியாக விடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையையே மாட்டிக்கொள்வது போல. கியர் பாக்ஸ் ஆயில், பின் அச்சு ஆயில், பிரேக் ஆயில் எதையும் யாரும் பல வருடமாகத் திறந்திருக்க மாட்டார்கள். டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு திருகு உண்டு, அதில் தேங்கும் தண்ணீரை மாமா மாதம் ஒருமுறை இறக்கிவிடட்டும். நம் ஊர்ப் புழுதிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். ரேடியேட்டரைக் கழுவிவிட்டுப் பச்சைக் கூலண்ட் கலந்த தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். இது முக்கியம்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவேனா என்பதை பிப்ரவரி முடிவுக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். என் கையில் இருந்த பணத்தையெல்லாம் அந்த பிக்கப்பில்தான் போட்டிருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தை அந்த என்ஜின் தாண்டிவிட்டால் ஊருக்கே வந்து தக்காளியும் தீவனமும் ஏற்றிப் பிழைத்துக்கொள்வேன். தாண்டாவிட்டால் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லை.

மாமாவுக்கு என் முத்தம்.
அவ்வாத்


ஐன் அல்லௌஸ்
2 செப்டம்பர் 1997

கண்ணு அவ்வாது, அல்லாஹ் உனக்கு நெறஞ்ச ஆயுசக் குடுக்கட்டும். நாங்க நல்லா இருக்கோம். உன் கடுதாசிய மூணு தடவ படிச்சேன், உங்க மாமாவுக்கு ரெண்டு தடவ படிச்சுக் காட்டினேன். அவரு "ம்"னாரு.

கத்தாஸு கடைக்கு நானும் கூடவே போனேன். இவரத் தனியா அனுப்புனா "மாத்து"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவாரு, எத மாத்தறதுன்னு கத்தாஸுக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டேன். கத்தாஸு நல்ல மனுசன். கிறிஸ்தவனா இருந்தாலும் மத்தியான லுஹர் பாங்கு சொன்னதும் ரேடியோவ நிறுத்திட்டான்.

யா அல்லாஹ், அந்த வண்டி வயித்துலேர்ந்து என்னென்ன வந்துச்சு தெரியுமா! கியர் பாக்ஸ்லேர்ந்து வந்தது எண்ணெயே இல்ல, பேரீச்சம்பழப் பாகு. கத்தாஸு விரல்ல தொட்டுப் பாத்துட்டு, "ஹாஜியம்மா, இது ஃபாக்டரில ஊத்துனது. ஊத்துனவன் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பான்"னான். எல்லாம் புதுசா ஊத்தியாச்சு. ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாம் புதுசு. ரேடியேட்டரும் கழுவியாச்சு, அதப் பத்தி நீ கவலப்படாத.

ஏர் ஃபில்டர் புதுசு போடாதன்னு கத்தாஸுகிட்ட சொல்லிட்டேன். எதுக்கு வீண் செலவு? வீட்டுக்குக் கொண்டாந்து ஆலிவ் சோப்புப் போட்டு நானே தேச்சுத் தொவச்சு கொடியில காயப் போட்டேன். நல்ல வாசமா இருக்கு.

ஒரு சண்டையும் நடந்துச்சு. ஆயில் மாத்துன மறுநாள் உங்க மாமா ஆயில் அளக்குற கம்பிய இழுத்துப் பாத்தா ஆயில் கருப்பு! தேனு மாதிரி ஊத்துனது ஒரே நாள்ல தாரு மாதிரி. நான் பஸ் புடிச்சு நேரா கத்தாஸு கடைக்குப் போயி, "ஏம்ப்பா, என் மருமகன் வெளிநாட்டுல ரத்தத்த வித்து வாங்குன வண்டி. பழைய ஆயில வடிகட்டி ஊத்துனியா?"ன்னு கடைவாசல்ல நின்னு கேட்டுட்டேன். அவன் என்ன நாற்காலியில உக்கார வச்சான். டீ வாங்கிக் குடுத்தான். நீ சொல்லு, யார் மேல தப்பு?

உன் நெனப்பாவே இருக்கும்
அத்தை


அபுதாபி
25 செப்டம்பர் 1997

அன்பு அத்தைக்கு, ஸலாம். நலம், நீங்களும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூம் ஆட்கள் கதவைத் தட்டினார்கள். தப்பு உங்கள் மேல்தான் அத்தை. டீசல் என்ஜினில் ஊற்றும் ஆயில் ஒரே நாளில் கறுத்துவிடும். உள்ளே இருக்கும் கரியை அது துடைத்துத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். கறுக்கவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். கத்தாஸுக்கு ஒரு ஜாடி ஆலிவ் ஊறுகாய் கொடுத்து சமாதானம் செய்துகொள்ளுங்கள்.

ஏர் ஃபில்டர் காகிதம். காகிதத்தைத் துவைக்கலாமா? அது கொடியிலேயே இருக்கட்டும், உடனே புதிது போடுங்கள்.

நான்கு பக்கக் கடிதத்தில் ரேடியேட்டருக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சோப்புக்குக்கூட இரண்டு வரி. உள்ளே இருக்கும் தண்ணீர் என்ன நிறம்?

அவ்வாத்


ஐன் அல்லௌஸ்
6 நவம்பர் 1997

ராசா அவ்வாது, ரொம்ப நாளா எழுதல, கோவிச்சுக்காத. ஆலிவ் பறிப்பு. கையெல்லாம் எண்ணெய், பேனா வழுக்குது. உடம்பு நல்லா இருக்கு, அல்ஹம்துலில்லாஹ். உனக்குச் சளி புடிச்சிருக்குன்னு கனவு கண்டேன். தைம் மூலிகை இலையும் தேனும் சாப்பிடு, கனவாவே இருந்தாலும் பரவால்ல.

கத்தாஸுக்கு ஊறுகா குடுத்தாச்சு. "ஹாஜியம்மா, இன்னும் ரெண்டு தடவ திட்டுங்க, எனக்குக் குளிர்காலம் ஓடிரும்"னான். ஏர் ஃபில்டரும் புதுசு போட்டாச்சு. பழசு இன்னும் கொடியில தொங்குது, அதுல குருவி வந்து உக்காருது.

வண்டி இந்த வருஷம் ஊர் ஆலிவையெல்லாம் செக்குக்குச் சுமந்துச்சுடா! மேட்டு வளைவுல பெரிய பெரிய புது வண்டிக்கெல்லாம் மூச்சு முட்டுது, நம்ம ஹாஜியாரு பாட்டுக்கு ஏறிப் போறாரு. உங்க மாமா ஸ்டியரிங்ல உக்காந்தா தளபதி மாதிரி இருக்காரு. அன்னைக்கு அவரு வாய்லேர்ந்து முழுசா ஒரு வாக்கியம் வந்துச்சு: "இது மேல ஏறுது." நான் உக்காந்து அழுதுட்டேன்.

இன்னொண்ணு. கம்பியில ஆயில் எப்பவும் கம்மியாவே காட்டுதுன்னு மாமா ஊத்திக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கத்தாஸுதான் கண்டுபுடிச்சான். நம்ம வீட்டுச் சரிவுல மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிற வண்டிய அளந்தா எப்படிச் சரியாக் காட்டும்? இப்ப பள்ளிவாசல் முன்னாடி சமதரையில வச்சுத்தான் அளக்குறோம். தொழுதுட்டு வர்ற ஆம்பளைங்க எல்லாம் குனிஞ்சு பாத்து ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க.

கலர் கேட்டியே, நல்ல கலர்தான்.

மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில துணி கெடக்கு. வர்றேன்.
அத்தை


அபுதாபி
22 நவம்பர் 1997

அன்பு அத்தைக்கும் மாமாவுக்கும் ஸலாம். சளி இல்லை, தேன் மட்டும் சாப்பிட்டேன்.

"நல்ல கலர்" என்று ஒரு நிறம் கிடையாது. அத்தை, பச்சையா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும். மாமா, அத்தை எழுதாவிட்டால் நீங்களாவது எழுதுங்கள்.

அவ்வாத்


ஐன் அல்லௌஸ்
5 டிசம்பர் 1997

அவ்வாத், ஸலாம். சுகம்.

பச்சை இல்லை. ஜம்ஜம். ஹஜ்ஜிலிருந்து உன் அத்தை கொண்டுவந்தது. எட்டு லிட்டர். வேறு எதுவும் கலக்கவில்லை.

முஃப்லிஹ்


அபுதாபி
16 டிசம்பர் 1997

அத்தைக்கு ஸலாம். நலம் என்று எழுதலாம், ஆனால் மாமாவின் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

மக்காவின் புனித நீரை நீங்கள் எவ்வளவு ஆசையோடு ஊற்றியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஹாஜிகள் அதை சிறு சிறு குவளையாகத்தான் பங்கு வைப்பார்கள். நீங்கள் மொத்தக் கேனையும் என் வண்டிக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் அத்தை, கூலண்ட் கலக்காத எந்தத் தண்ணீரும் நம் ஊர்ப் பனியில் உறைந்துவிடும். உறைந்தால் விரியும். விரிந்தால் என்ஜினின் இரும்பு, உறைபனியில் வெளியே வைத்த கண்ணாடி பாட்டில் போலப் பிளந்துவிடும். அதற்குப் பிறகு ஆயிலும் ஃபில்டரும் எத்தனை மாற்றியும் பயனில்லை. அந்த வண்டி போனால் நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

சுத்தமான கேனில் இறக்கி, மூடி, வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கூலண்ட் ஒரு டின் ஊருக்கு வரும் ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கையை முத்தமிட்டுக் கேட்கிறேன்.
அவ்வாத்


ஐன் அல்லௌஸ்
4 ஜனவரி 1998

அவ்வாது கண்ணு, ரமலான் முபாரக். இன்னைக்கு அஞ்சாவது நோன்பு. உங்க மாமா பகல் பூரா பேசாம இருக்காரு, நோன்புனால இல்ல, அவரு எப்பவும் அப்படித்தான். நீ விடியறதுக்கு முன்னாடி ஸஹர்ல என்ன சாப்பிடுற? வெறும் ரொட்டியும் டீயும்னா நான் அங்க வந்து ஒதைப்பேன்.

நீ தூக்கமில்லன்னு எழுதுனதப் பாத்ததும் உங்க மாமாவக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். மொதல்ல கத்தாஸுகிட்டதான் போனோம். ரேடியேட்டரத் திறக்கச் சொன்னா, கையில இருந்த ஸ்பேனரக் கீழ வச்சுட்டான். "ஹாஜியம்மா, நீங்க ஊத்தும்போதே நான் தொப்பியக் கழட்டிட்டுத் தள்ளி நின்னேன். இப்ப இத நான் இறக்குனேன்னு வைங்க, நாளைக்கு என்ன பேச்சு வரும்? கத்தாஸு ஜம்ஜம் தண்ணியக் கிரீஸ் தரையில விட்டான்னு வரும். முப்பது வருஷமா இந்த ஊர்ல எல்லாரோடயும் நல்லா இருக்கேன். வேணா குழாய நீங்க திறங்க, நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன்"னான். எதிர்க்கடை பையன் முஸ்லிம்தான், அவனக் கேட்டா, "என் கழுத்துல இந்தப் பாவம் வேணாம் அத்தை"ங்கறான். டவுன்ல நாலு கடை ஏறி எறங்குனோம். வண்டியப் பாத்ததும் கையத் தொடச்சுக்கிட்டு உள்ள போயிர்றானுங்க!

இமாமக் கேட்டோம். "சுத்தமான பாத்திரத்துல இறக்கி வச்சுக்கலாம், தப்பில்ல"ன்னாரு. நல்ல மனுசன். ஆனா அவ்வாது, ஒரேடியா எடுத்துர எனக்கு மனசு வரல. ஏன்னு கேக்காத. ஊத்தும்போது நான் ஒண்ணு நெனச்சு ஊத்துனேன், அது நடக்குற வரைக்கும் அந்தத் தண்ணி அந்த வண்டியிலதான் இருக்கணும்.

அதுக்காக உன் வண்டிய வெடிக்க விடுவேனா? ஒரு ஏற்பாடு பண்ணிட்டோம். மஃரிப் பாங்கு சொன்னதும் நோன்பு தொறக்குறோம், சூப்பக் குடிக்கிறோம், உடனே உங்க மாமா வண்டிக்கடியில படுத்துக்கிறாரு. ரேடியேட்டருக்குக் கீழ ஒரு திருகு, என்ஜின் பக்கத்துல ஒரு திருகு. ரெண்டையும் திறந்து ரெண்டு பானையில புடிச்சுக்குறோம். வெள்ளத் துணியில வடிகட்டி, மூடி போட்டு, உள்ள மண்ணெண்ணெய்க் கணப்புப் பக்கத்துல வச்சிர்றேன். காலைல வெயில் ஏறினதும் திரும்ப ஊத்திர்றோம். பகல்ல வண்டியில, ராத்திரி வீட்ல. நம்ம வீட்டுக்கு மருமகள் வந்தாக்கூட இப்படிக் கவனிக்க மாட்டேன்.

தெனம் வடிகட்டுறதுல துரு எல்லாம் துணியில வந்துருச்சு. இப்ப தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. நீ கேட்ட கலருக்கு பதில் சொல்லிட்டேன் பாரு. உன் டின்னும் வந்துச்சு, அலமாரி மேல இருக்கு.

நோன்போட நேரத்துல உனக்காக துஆ கேக்குற
அத்தை


ஐன் அல்லௌஸ்
10 பிப்ரவரி 1998

அன்பு அவ்வாதுக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியா முடிஞ்சுது. நாங்க சுகம். நீ சுகமா?

வண்டியப் பத்தி நீ கவலையே படாத. ஆயில் திரும்பவும் மாத்தியாச்சு. ஃபில்டரும் புதுசு. பளபளன்னு தொடச்சு வச்சிருக்கு. இப்ப சத்தமே கெடையாது. பொகை ஒரு பொட்டுக்கூட இல்ல. டீசலும் குடிக்கிறதே இல்ல, பத்து நாளா டேங்க் அப்படியே இருக்கு. கத்தாஸு பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறான்.

கம்பெனிக்குச் சொல்ற நாள் நெருங்குதுல்ல, அதான் எழுதுனேன்.

அத்தை


ஐன் அல்லௌஸ்
11 பிப்ரவரி 1998

அவ்வாத், ஸலாம். சுகம்.

இதை நான் எழுதுவது உன் அத்தைக்குத் தெரியாது. சத்தம் இல்லை, புகை இல்லை என்று அவள் எழுதியிருப்பாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். வண்டி கத்தாஸ் கடையில் பிரித்துக் கிடக்கிறது. பிரித்துக் கிடக்கும் வண்டி சத்தம் போடாது.

தப்பு என்னுடையது. பெருநாள் காலையில் தொழுகை முடிந்து ஷோபக்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டோம். பலகாரத் தட்டை ஏற்றினாள், துணி மூட்டையை ஏற்றினாள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுத்தாள். நான் சாவியைப் போட்டேன். பானைகள் இரண்டும் கணப்பு பக்கத்திலேயே இருந்தன. சூட்டைக் காட்டும் முள் கீழேயே நின்றது. உள்ளே தண்ணீர் இருந்து சூடானால்தானே அது ஏறும். மேட்டு வளைவில் வண்டி நின்றது. உன் அத்தை பானை எங்கே என்று என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் நடுரோட்டில் சிரித்துவிட்டோம். பிறகு அவள் அழுதாள்.

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு, ஹெட் கேஸ்கட், சூட்டில் போய்விட்டது. ஹெட் கொஞ்சம் வளைந்திருக்கிறது, சமன் செய்யலாம். கீழே என்ஜின் பிளக்கவில்லை. இந்த மாடலுக்கு கேஸ்கட் இங்கே கிடைக்கவில்லை. வளைகுடாவில் கிடைக்கும் என்கிறான் கத்தாஸ்.

அன்று தண்ணீர் ஊற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. "யா அல்லாஹ், என் பிள்ளைய இதுலயே வீட்டுக்குக் கொண்டாந்துரு" என்று கேட்டாள். உன்னிடம் சொல்ல மாட்டாள். உன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு.

உண்மை தெரிந்து நீ முடிவு செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்டாலும் நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம்.

என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. விரல் வலிக்கிறது.

முஃப்லிஹ்


அபுதாபி
24 பிப்ரவரி 1998

என் அன்பு அத்தைக்கு ஸலாம். எல்லா நலமும் இங்கே. அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

வண்டி சத்தமில்லாமல், புகையில்லாமல், டீசல் குடிக்காமல் இருக்கிறது என்று படித்து மகிழ்ந்தேன். இருபது வருடமாக என்ஜின் பார்க்கும் எங்கள் ஃபோர்மேனிடம் காட்டினேன். "அப்படி ஒரு வண்டி உலகத்திலேயே கிடையாதுப்பா, இருந்தா நானும் உன்னோட வந்து பாக்குறேன்" என்றார்.

கையெழுத்துப் போடவில்லை அத்தை. இன்று காலை மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "ஏன், உன் வண்டி குளிர்காலத்தைத் தாண்டிருச்சா?" என்று கேட்டார். "இல்ல சார், நின்னுருச்சு, அதனாலதான் போறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். வண்டி நன்றாக இருந்தால்தான் வருவேன் என்று ஆகஸ்டில் நான் எழுதியது முட்டாள்தனம். ஓடுகிற வண்டிக்கு மாமா போதும். நின்றுபோன வண்டிக்குத்தான் ஒரு மெக்கானிக் வேண்டும், அது என் தொழில்தானே.

மாமாவைத் திட்டாதீர்கள். அவருக்கு ஏற்கனவே விரல் வலி.

மார்ச் பத்தொன்பதாம் தேதி இங்கிருந்து பஸ் ஏறுகிறேன். என் பெட்டியில் உங்களுக்கு முட்டித் தைலம், மாமாவுக்கு ஒரு சால்வை, இரண்டுக்கும் நடுவில் மடங்காமல் அட்டை வைத்துக் கட்டிய ஹெட் கேஸ்கட். கத்தாஸிடம் ஹெட்டைச் சமன் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

அவ்வாத்


ஐன் அல்லௌஸ்
14 மார்ச் 1998

என் ராசா, என் கண்ணே, உன் கடுதாசி இன்னைக்குக் காலைலதான் வந்துச்சு. அதப் படிச்சிட்டு ரெண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன், அப்புறம் உங்க மாமாவத் திட்டினேன். நீ திட்டாதன்னுதான் எழுதியிருந்த, ஆனா அத நான் திட்டி முடிச்சப்புறம்தான் ரெண்டாந்தடவ படிச்சேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கிட்ட ஒரு பக்கம் பேசாத மனுசன் உனக்கு ஒரு பக்கம் எழுதியிருக்காரு! "ஏங்க, உங்களுக்கு இவ்வளவு எழுத வருமா?"ன்னு கேட்டேன். "வரும்"னாரு.

கத்தாஸுகிட்ட நானே போயிச் சொன்னேன். அவன் கடை வாசல்லயே டப்கே ஆட்டம் ஆடிட்டான். ஹெட்ட போன வாரமே கரக் டவுனுக்குக் கொண்டு போயிச் சமன் பண்ணி, துணி போட்டு மூடி வச்சிருக்கான். "எல்லாம் மாட்டி முடிச்சதும் என்ன ஊத்தறது, ஹாஜியம்மா?"ன்னு பயந்துக்கிட்டே கேட்டான். "பச்சையத்தான்டா ஊத்தணும், என் மருமகன் டின்னு அனுப்பியிருக்கான்ல"ன்னேன். அவன் சிலுவை போட்டுக்கிட்டான். நான் நெனச்சது நடந்துருச்சு, இனிமே வண்டி எதக் குடிச்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல.

நீ வர்ற அன்னைக்கு மன்சஃப் கறிச்சோறு. அதுக்கு ஜமீத் தயிர்க்கட்டி ஊறப் போடத் தேதி பாத்து வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு ஆட்டுல ஒண்ண இப்பவே கண்ணு வச்சிட்டேன்.

இந்தக் கடுதாசி வந்து சேர்றதுக்குள்ள நீ அங்கேர்ந்து கெளம்பிருப்ப. அனுப்பறதா வேணாமான்னு உங்க மாமாகிட்ட கேட்டேன், "வீண்"ன்னாரு. நான் அனுப்பத்தான் போறேன். ஸ்டாம்பும் ஒட்டிட்டேன். அது அபுதாபி வரைக்கும் போகட்டும், தபால்காரன் உன் ரூம் கதவத் தட்டட்டும். உள்ளேர்ந்து ஒருத்தரும் வராம, "வாங்க ஆள் இல்ல"ன்னு முத்திரை குத்தி இங்கயே திருப்பி அனுப்பட்டும். அந்த முத்திரைய நான் என் கண்ணால பாக்கணும்.

அது திரும்பி வந்ததும் நீயே பிரிச்சு எனக்குப் படிச்சுக் காட்டு.

அத்தை ஸப்ஹா